வேலிக்குள்ளிருந்து வரும் ‘டக் டக்’

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். வேலை ஓசூரில். டிசம்பர் கடைசியில் பத்து நாள் விடுப்பில் காரிமங்கலம் பக்கம் உள்ள கொல்லை வீட்டுக்கு வருகிறீர்கள். அந்தப் பத்து நாளில் வீட்டைச் சுற்றியே பறவை பார்க்க முடியுமா, இல்லை வேடந்தாங்கல் மாதிரி எங்காவது கிளம்ப வேண்டுமா, என்ன பைனாகுலர் வாங்குவது, தானியம் போட்டால் பறவை வருமா. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கிளுவை வேலிக்குள் ஏதோ ஒன்று நாள் பூராவும் டக் டக் என்கிறது, கண்ணில் படவே மாட்டேன் என்கிறது, அம்மா பல்லி என்கிறார்.” எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றவற்றுக்குப் பதில் வழியிலேயே வந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறவையியல் படித்தவன் இல்லை, கால்நடை மருத்துவன். பதினெட்டு வருடமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்று இந்த இரண்டு மாவட்டத்துக் கிராமங்களிலும் கொட்டாய்களிலும் மாடு பார்க்கிறேன். சினை ஊசி போட்டுவிட்டு மாட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவரும் வரை கொட்டகை ஓரம் நிற்க வேண்டியிருக்கும். அப்படி நின்ற நேரத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. உடம்பு, நோய், தீனி பற்றிச் சொல்வது படிப்பிலிருந்து வருவது. மற்றது நோட்டுப் புத்தகத்திலிருந்து.

அது பல்லி இல்லை. பல்லி சுவரில் இருந்து, பெரும்பாலும் இருட்டிய பிறகு, ஐந்தாறு முறை அடுக்கடுக்காகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடும். நீங்கள் சொல்வது பகலில், வேலிக்குள், ஒரே ஒரு ‘டக்’. இரண்டு மூன்று நொடி கழித்து இன்னொரு ‘டக்’. இரண்டு கூழாங்கல்லை மெல்லத் தட்டினால் வரும் சத்தம். மார்கழியில் நம் பக்கத்து வேலியில் இப்படிச் சொல்வது பெரும்பாலும் பிளைத் நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருக்கிறதே, எங்கள் கொல்லையில் நாணல் எங்கே என்று கேட்பீர்கள். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் 1849-இல் இதை விவரித்தபோது வைத்த அறிவியல் பெயரில் ‘டுமெட்டோரம்’ என்று ஒரு சொல் வருகிறது. லத்தீனில் அதற்குப் ‘புதர்களுக்கு உரியது’ என்று பொருள். அவர் சரியாகத்தான் வைத்தார். நாணல் இல்லாவிட்டாலும் அதற்குக் குறையில்லை. கிளுவை, உண்ணிமுள், எலுமிச்சை, வீட்டோரக் கறிவேப்பிலை, உள்ளே நுழைந்து மறைந்துகொள்ள அடர்த்தி இருந்தால் போதும்.

பார்ப்பது எப்படி? தேடிப் போகாதீர்கள். வேலிக்குப் பத்து அடி தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டு, வெயில் உங்கள் முதுகில் விழுகிற மாதிரி உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் சத்தம் நின்றுவிடும். உங்களைப் பார்த்துவிட்டது. பிறகு மறுபடி ‘டக்’. சத்தம் வந்த இடத்தை உற்றுப் பார்க்காமல், அதற்கு ஒரு முழம் இடமும் வலமும் இலை அசைகிறதா என்று பாருங்கள். காற்றே இல்லாதபோது ஒரே ஒரு இலை மட்டும் ஆடும். அங்கேதான் இருக்கிறது. வெளியே தலை நீட்டும்போது ஏமாந்துபோவீர்கள். மேலே ஆலிவ் கலந்த பழுப்பு, கீழே மங்கிய வெள்ளை, சற்றே நீண்ட அலகு, கண்ணுக்கு முன்னால் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெளிர்க்கோடு. அவ்வளவுதான். கத்தும்போது வாலை லேசாகத் தூக்கி விரித்து மூடும். இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிலந்தியையும் புழுவையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும். எடை பத்துப் பன்னிரண்டு கிராம். டீக்கடையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடச் சொன்னால் போடுகிற எடை. பின்லாந்திலிருந்து சைபீரியா வரை விரிந்த நிலத்தில் எங்கோ ஒரு புதரில் பொரித்தது, இரவு இரவாகப் பறந்து உங்கள் வேலிக்கு வந்திருக்கிறது.

இதைப் படித்ததும் ‘வெளிநாட்டுப் பறவை’ என்று சொல்லத் தோன்றும். நானும் சில காலம் அப்படித்தான் சொன்னேன். பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆவணி கடைசியில் முதல் ‘டக்’ கேட்கிறது. சித்திரை பிறக்கும்வரை கேட்கிறது. ஏழெட்டு மாதம் நம் வேலியில், இரண்டு மூன்று மாதம் அங்கே முட்டையும் குஞ்சும், மிச்சம் வழியில். எந்த ஊர்க்காரன் என்று சொல்வது? பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிற நம் பையன்களைவிட இது ஊரில் அதிக நாள் இருக்கிறது. குளிர் தாங்காமல் ஓடி வருகிறது என்பதும் முழு உண்மை இல்லை. அங்கே பகல் சுருங்கச் சுருங்கப் பூச்சிகள் போய்விடுகின்றன. இலையில் பூச்சி இல்லாத இடத்தில் பூச்சி தின்னிக்கு வேலை இல்லை. பகல் குறைவதுதான் அதற்கான மணி. உடம்பில் கொழுப்பு சேர்வதும் இரவில் அமைதியிழப்பதும் அந்த மணி அடித்ததும் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘டக்’ கேட்டதெல்லாம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இதே மாதிரி பழுப்பு நிறத்தில், இதே மாதிரிக் கல் தட்டும் குரலில் வேறு ஓரிரு கதிர்க்குருவிகளும் குளிர்காலத்தில் வருகின்றன. வேலி, தோட்டம் என்றால் பிளைத்தின் மேல் பந்தயம் கட்டலாம். சீமைக்கருவேலமும் புல்லும் கலந்த காய்ந்த பொட்டல் என்றால் சற்று யோசிக்க வேண்டும். போனில் எடுத்த மங்கலான படத்தை அனுப்பி இது எது என்று கேட்பவர்களுக்கு நான் ‘கதிர்க்குருவி’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். கையில் பிடித்து இறகின் நீளத்தை அளந்தால்தான் சிலவற்றில் சந்தேகம் தீரும். அதேபோல, போன வருடம் கத்தியதும் இந்த வருடம் கத்துவதும் ஒரே குருவியா என்ற கேள்வி. காலில் வளையமிட்டு நடத்திய ஆய்வுகளில், மர உச்சியில் திரியும் பச்சைக் கதிர்க்குருவி வருடா வருடம் அதே மரக்கூட்டத்துக்குத் திரும்புவது தெரிய வந்திருக்கிறது. உங்கள் வேலிக் குருவிக்குக் காலில் வளையம் இல்லை. அதே ஆள் என்று நம்பலாம், எழுதி வைக்கக்கூடாது.

சரி, நேரம். நம் பக்கம் டிசம்பர் 21, 22 வாக்கில் பகல் மிகக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூரியன் தாமதமாக எழுவது அதோடு முடியாது. ஜனவரி மூன்றாம் வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், ஏறக்குறைய 6:45-க்கு வந்து நிற்கும். கூடவே பனி. அதனால் ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து நடுங்க வேண்டாம். அம்மா கோலம் போட்டு முடித்து, பனி கலைந்து, புளியமர உச்சியில் முதல் வெயில் பட்டதும் வெளியே வாருங்கள். அப்போது மின்கம்பியைப் பாருங்கள். பச்சைப் பஞ்சுருட்டான்கள் ஐந்தாறு தோளோடு தோள் ஒட்டி, இறகை உப்பிக்கொண்டு, பச்சை உருண்டைகளாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுகூடப் பறக்காது. பறந்து என்ன செய்ய, வண்டும் தேனீயும் இன்னும் கிளம்பவில்லையே. வெயில் ஏற ஏற உருண்டை மெலியும், வால் ஊசி தெரியும். முதல் பஞ்சுருட்டான் கம்பியை விட்டுச் சுழன்று ஒரு பூச்சியோடு திரும்பி, அதைக் கம்பியில் ‘டப் டப்’ என்று அடிக்கும். அதிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். இதே கூத்தைப் பத்து நாளும் பார்க்கலாம், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

வேலியின் மேல் உச்சியில், முள் கம்பத்தின் நுனியில், முகத்தில் கறுப்புத் துணி கட்டிய திருடன் மாதிரி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தால் அது கீச்சான். பழுப்புக் கீச்சான் மங்கோலியா, சைபீரியா பக்கமிருந்து வருவது. தலை, முதுகு, வால் எல்லாம் பழுப்பு. வந்த புதிதில், புரட்டாசி ஐப்பசியில், இடத்துக்குச் சண்டை போட்டுக் கரகரவென்று கத்தும். மார்கழியில் எல்லை முடிவாகிவிட்டதால் பெரும்பாலும் வாய் திறக்காது. ஒருநாள் எங்கே உட்கார்ந்தது என்று பார்த்து வையுங்கள். மறுநாளும் அதே கம்பம்தான். நம் ஊரிலேயே குடியிருக்கும் கீச்சான்களும் உண்டு. தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் சிறியதாக, முதுகு கருஞ்சிவப்பாக இருப்பது அந்த ரகம். வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் மிரளாதீர்கள், அது அவர்களுடைய சமையலறை.

வாலாட்டி பற்றிச் சொல்லும்போது என் அவமானத்தையும் சொல்லியாக வேண்டும். மாடு கட்டும் இடத்தில், சாணியும் ஈரமும் உள்ள தரையில், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் வாலாட்டி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் மதகில் ஒன்று வரும். வயிறு பளிச்சென்று மஞ்சள். இரண்டு குளிர்காலம் முழுக்க ‘மஞ்சள் வாலாட்டி, 1’ என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். ஒரு பறவைக் கணக்கெடுப்பின்போது என்னோடு வந்த பெரியவர் ஒருவர் பத்து நொடி பார்த்துவிட்டுக் கேட்டார்: “டாக்டரே, மாட்டுக்கு வயித்தப் பாத்தா இனம் சொல்வீங்க?” அது சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல், வால் உடம்புக்குப் பொருந்தாத நீளம், ஓடும் தண்ணீர் அருகே தனியாகத் திரியும். மஞ்சள் வாலாட்டிக்கு முதுகில் பச்சை ஓடும், வால் குட்டை, ஈர வயலில் மாட்டின் காலடியில் கூட்டமாகத் திரியும். இளம் பறவைகளில் இந்தப் பச்சை மங்கிப்போய்க் குழப்பும், அப்போது வாலின் நீளத்தையும் இடத்தையும் நம்புங்கள். இன்னொன்று, கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் பெரிதாக, மொட்டை மாடியிலிருந்து இனிமையாகப் பாடுகிறதென்றால் அது வெண்புருவ வாலாட்டி. விருந்தாளி இல்லை, ஊர்க்காரர். பலர் அதைக் குண்டுகரிச்சான் என்று எழுதிவிடுகிறார்கள்.

மாமரம் இருந்தால் மேலேயும் பாருங்கள். கரிச்சான் மாதிரியே பிளவுபட்ட வாலோடு, ஆனால் கரிக்குப் பதில் சாம்பல் நிறத்தில், கண் சிவந்து இருந்தால் சாம்பல் கரிச்சான், குளிர்கால வரவு. மஞ்சள் பந்து மாதிரி மாங்குயில் குறுக்கே பறக்கும். கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, திடீரென்று ஏரிமேல் கலைந்து சுழல்வது தகைவிலான். சோளம் விளைந்த பக்கம் சாயங்காலம் கூட்டமாக, ஒரே உடம்பு மாதிரி வளைந்து திரும்பிப் பறப்பது சோளப்பட்சி. இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையும் உள்ள மைனா என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்த்த கூட்டம் அது. இங்கே ஆலம்பழம், சோளம், தை மாசியில் முள்முருங்கைப் பூவின் தேன் என்று எதையும் விடாது. விவசாயிக்கு அதன்மேல் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு.

அப்புறம், ஆறுமணிக்குருவி. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. ஒரு ஐப்பசிக் காலையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தான். “சார், கலர் கோழிக்குஞ்சு, எங்க வீட்டு ஜன்னல்ல முட்டிக்கிச்சு.” திறந்தால் பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு நீலம், மங்கிய மஞ்சள் மார்பு, வயிற்றடியில் குங்குமம் கொட்டிய மாதிரி சிவப்பு, கண்ணை மூடிக் கறுப்புப் பட்டை, மொட்டை வால். பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவில் தெற்கே வருகிறது. வரும் வழியில் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதிவிடும். பையன் அன்போடு வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றியிருந்தான். அதுதான் செய்யக்கூடாதது. பறவைக்கு மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அன்று அதிர்ஷ்டம், போகவில்லை. பெட்டியை மூடி, நாலு ஓட்டை போட்டு, இருட்டான மருந்து அறையில் வைத்தேன். இரண்டு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பையன் மட்டும் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு பெட்டிக்குள் சுரண்டல் கேட்டது. புளியமரத்தடியில் மூடியைத் திறந்ததும் தத்தித் தத்திச் சருகுக்குள் போய், ஒரு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நடந்தே மறைந்துவிட்டது. பறக்கவே இல்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அதே முறை: இருட்டு, அமைதி, காற்றோட்டம், வாயில் எதுவும் ஊற்றாமை. இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, இறக்கை தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளிக்கும் அதே சட்டம்தான், அது பலருக்குத் தெரிவதில்லை. மார்கழியில் ஆறுமணிக்குருவி மோதிக்கொண்டு கிடைப்பதைவிடக் குரலாகக் கிடைப்பதுதான் அதிகம். காலை ஆறு சுமாருக்கும் மாலை ஆறு சுமாருக்கும் இரட்டை விசில், இரண்டாவது சற்றே இறங்கும். நிழலும் சருகும் உள்ள மாந்தோப்பு பக்கத்தில் இருந்தால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் வாசலில் நின்று காது கொடுங்கள்.

ஊர்ப் பறவைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள், ஏனென்றால் யார் பேசவில்லை என்பதும் ஒரு செய்தி. குயில் அங்கேதான் இருக்கும், வேப்பம்பழக் காலத்தில் போட்ட கூச்சலுக்கு மாறாக இப்போது வாயே திறக்காது. பல புதியவர்கள் டிசம்பரில் ‘எங்கள் ஊரில் குயில் அழிந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம், சின்னான், தையல்சிட்டு, செம்பகம், ஆள்காட்டி இவை உங்கள் தினசரிக் கணக்கு. செம்மார்புக் குக்குறுவானின் ‘குக் குக்’ தை பிறந்தபின் சூடு பிடிக்கும். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறையும் புதரும் உள்ள மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சைபீரியாவிலிருந்து வந்ததைப் படம் எடுக்க வரிசையில் நிற்பவர்கள், இது தலைக்கு மேல் கத்தினாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மன்னிக்கவும்.

தானியம் போடுவது பற்றிக் கேட்டீர்கள். போட்டால் வரும். புறா, மைனா, காக்கை, அணில் வரும். நீங்கள் பார்க்க நினைக்கும் விருந்தாளிகள் முக்கால்வாசி பூச்சி தின்னிகள், ஒரு மூட்டை கம்பு கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதைவிட ஒரு அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டி, நாரால் தேய்த்து, மாற்றுங்கள். இதை மருத்துவனாகச் சொல்கிறேன்: கழுவாத சட்டி வைப்பதைவிட வைக்காமலிருப்பது மேல். எச்சம் கலந்த தண்ணீர் நோயைப் பரப்பும். வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால் கோழித் தண்ணீரும் இதுவும் தனித்தனி இடத்தில் இருக்கட்டும். வெள்ளைக்கழிச்சல் புறாக்கள் மூலமும் வரும், கோழிக்குத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் வந்த உற்சாகத்தில் வேலியை வெட்டிச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். கொல்லை மூலையில் ஒரு பாய் அகலத்துக்குச் சருகைப் பெருக்காமல் விடுங்கள். மா பூவெடுக்கும் காலம் என்பதால் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள், அதை அடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, மகசூல் அவர்களுடையது. தெளிப்பானைக் கால்வாயிலும் தொட்டியிலும் கழுவாதிருக்கச் சொல்லலாம். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இடம் பிடித்து வாழும் குருவிக்கு அது எதிரி வந்த அறிவிப்பு. தின்னும் நேரத்தைச் சண்டையில் செலவழிக்கும். செய்யாதீர்கள்.

பைனாகுலர் இந்தப் பத்து நாளுக்கு வாங்க வேண்டாம். வாங்கினால் வேலியைப் பார்க்க மாட்டீர்கள், தூரத்தில் இருப்பதையே துரத்துவீர்கள். பிறகு வாங்கும்போது 8×42 அல்லது 8×32 பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பன்னிரண்டு, இருபது மடங்கு என்று கூவி விற்பதைத் தொடாதீர்கள், கை நடுக்கமும் அத்தனை மடங்காகும். போனில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவிதான். ஆனால் கரிச்சான் வல்லூறு மாதிரிக் குரல் கொடுத்தால் அது வல்லூறு என்றே சொல்லிவிடும். செயலி சொன்னதைக் கண் பார்த்த பிறகு எழுதுங்கள்.

ஏரி, அணை பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒரு காலை போதும். பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி அணை இரண்டும் உங்களுக்குக் கிட்டம். நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து இருக்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வருவது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. ஏரி விளிம்புவரை தளும்பினால் உள்ளான்களுக்குக் கால் வைக்கச் சேறு இல்லை, வடிந்து கரை தெரிந்தால் வரும். போவதற்கு முன் அந்த ஊர் ஆள் யாரிடமாவது தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுவதுதான் முக்கியம், அதை ஏன் கடைசியில் வைத்தேன் என்று தெரியவில்லை. தினமும் அதே ஸ்டூல், அதே பதினைந்து நிமிடம். பார்த்த, கேட்ட எல்லா இனமும், ஒவ்வொன்றும் எத்தனை. காக்கையை விடாதீர்கள். பெயர் தெரியாததைப் ‘பழுப்பு, சின்னது, வேலி’ என்று எழுதுங்கள், பொய்ப் பெயரைவிட அது உயர்ந்தது. வருடக் கடைசியில் பறவை எண்ணும் பழக்கம் பழையது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று யார் அதிகம் சுடுகிறார் என்று போட்டி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். 1900 டிசம்பர் 25 அன்று பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார், 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அது இன்றும் நடக்கிறது. நமக்கு 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. பொங்கல் விடுமுறை நாட்களில் குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ணி, பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும், வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம். உங்கள் பத்து நாள் அதற்கு ஒத்திகை. பொங்கலுக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள்.

விடுப்பு முடிந்து ஓசூர் போன பிறகு வேலியைக் கவனிக்க வீட்டில் ஆள் இருக்கிறார். பல்லி என்று சொன்ன அம்மாவிடமே ஒப்படையுங்கள். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, அன்று ‘டக்’ கேட்டிருந்தால் தாளின் பின்னால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மாசி கடைசி வரை கோடு தவறாது. பங்குனியில் ஒருநாள் காலை ‘டக்’ மட்டுமில்லாமல் வேலிக்குள்ளிருந்து பாட்டே வரும். ஒவ்வொரு அடியையும் நாலைந்து முறை திருப்பிச் சொல்லி, நடுவில் மற்ற பறவைகளின் குரலையும் கோர்த்து, ஊருக்குக் கிளம்பும் முன் ஒத்திகை பார்க்கும். அது கேட்ட வாரத்திலிருந்து கோடு விட்டுவிட்டு வரும். கோடு இல்லாத முதல் பத்துத் தாள்கள் சேர்ந்ததும் எனக்கு அந்தத் தேதியை எழுதுங்கள். என் வேலியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் தாண்டியது இதுவரை இரண்டே முறை. உங்களுடையது எப்போது என்று பார்ப்போம்.